முதுகு டைரக்டர்

எங்கள் கம்பெனியில் ஜெபராஜ் என்று கேட்டால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியாது. முதுகு டைரக்டர் என்று கேளுங்கள், ஓசூர் சிப்காட் டீக்கடை நாய்கூட வாலாட்டி வழி காட்டும்.

வேலை பிரஸ் மெஷின் ஆபரேட்டர், அதுவும் காண்ட்ராக்ட். ஆனால் பதினோரு வருஷமாகப் பாதுகாப்பு வார நாடகம் அவனுடையதுதான். முதல் நாடகத்தில் சூப்பர்வைசரைக் கிண்டல் செய்ய வேண்டியிருந்தது. முகம் தெரிந்தால் வேலை போகும் என்று எங்கள் எல்லோரையும் முதுகு காட்டி நிற்க வைத்தான். கைத்தட்டலில் கேன்டீன் கூரை பிய்ந்து கர்நாடகாவில் போய் விழுந்தது. அன்றிலிருந்து அதுதான் அவன் பாணி. அழுகை என்றாலும் முதுகுதான் குலுங்க வேண்டும். சர்ச்சில் போட்ட கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள், யோசேப்பு, ஆடு, மாடு எல்லாமே முதுகு.

"ஏம்பா, பாலன் இயேசுவாச்சும் இந்தப் பக்கம் திரும்பக் கூடாதா?" என்று பாஸ்டர் கெஞ்சினார்.

குறும்படம் எடுக்கச் சானமாவு காட்டுக்குப் போனபோது யானை வந்தது. நாங்கள் பெங்களூர் வரைக்கும் ஓடினோம். இவன் மட்டும் நின்று, அது திரும்பிப் போவதைச் செல்போனில் பிடித்துக்கொண்டு, "பாருங்கடா, இதான்டா நடிப்பு" என்றான்.

போன ஜூனில் பிரஸ் அவன் வலது கையில் இறங்கியது. கட்டை விரலை மட்டும் விட்டு வைத்தது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, டார்கெட் முடியவில்லை என்று மேனேஜர் ஹரீஷ்குமார் காலையிலேயே அணைத்திருந்தார். பக்கத்து மெஷினிலிருந்து நான் பார்த்தேன். விசாரணை நாளில் மட்டும் எனக்குக் கண் தெரியவில்லை.

கையில் கட்டோடு வந்தவனை ஹரீஷ்குமார் கூப்பிட்டு, தன் கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"குரு, இந்த வருஷம் நாடகம் வேணாம், படம். உன் கதைதான். நீயே டைரக்டர், நீயே ஹீரோ. 'சென்சாரை நான்தான் ஆஃப் பண்ணேன்', அவ்ளோதான் டயலாக். சொல்ப அட்ஜஸ்ட் மாடு, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ. ட்ரெய்னிங் ரூம்ல பர்மனென்ட் பண்ணிடறேன்."

"மாட்டேன்னா சார்?"

"நாலு விரல் இல்லாத ஆபரேட்டரை எவன் கேட்டுக்குள்ள விடுவான்?"

வீட்டில் அவன் மனைவி ஜெபசீலிக்கு ஏழாவது மாசம். அவள்தான் யோசனை சொன்னாள்: "உன் ஸ்டைல்லயே முதுகைக் காட்டிச் சொல்லிடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

கேமரா பிடித்தது நான். ஜெபராஜ் முதுகைக் காட்டி நின்றான்.

"கட்!" என்றது டைரக்டர் இல்லை, ஹரீஷ்குமார். "மூஞ்சி வேணும் குரு. தப்பு பண்ணவன் மூஞ்சி."

திரும்பினான். பதினெட்டு டேக் போனது.

"பத்தல. இன்னும் கொஞ்சம் திருட்டு முழி முழி."

பத்தொன்பதாவதில் உடைந்து அழுதுவிட்டான்.

"சூப்பர்! இது ஓகே!"

இப்போது திங்கள்தோறும் புது ஆட்களுக்கு அந்தப் படம்தான். போட்டுவிடுவது ஜெபராஜ். மாஸ்க் போட்டுக்கொண்டு, வலது கையைப் பாக்கெட்டில் விட்டு, ரிமோட்டை இடது கையில் பிடித்து, திரைக்கு முதுகு காட்டி நிற்பான். போன வாரம் சிங்காரப்பேட்டையிலிருந்து வேலைக்குச் சேர்ந்த முனிலட்சுமி கேட்டாள்:

"அண்ணா, யாருண்ணா இந்த லூசு? தானே சென்சாரை ஆஃப் பண்ணிட்டு, தானே கைய வுட்டுட்டு, தானே அழுவுறான்!"

ரூமே சிரித்தது. நானும்தான்.

"அவன் கெடக்கறான். டைரக்‌ஷன் எப்டிம்மா?" என்றான் ஜெபராஜ்.

"போருண்ணா. படம் பூரா மூஞ்சியே காட்டிக்கினு இருக்கான்."