மொட்டைத் தென்னையில் ஒரு வீடு

எழுபதுகளின் கடைசியில், அரசு ஊழியர்களுக்குக் குடியிருப்பு ஒதுக்கும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். யார் முதலில் மனு கொடுத்தார், யார் ஓய்வு பெற்றும் சாவியைத் தராமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விதிகள் இல்லாவிட்டால் வீட்டுக்காக மனிதர்கள் கடித்துக்கொள்வார்கள் என்று உளமார நம்பினேன். விதிகள் இருந்தும் கடித்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

பசுமலைப் பக்கம் இருந்த எங்கள் அலுவலக வாசலில், இடி விழுந்து தலை போன தென்னை ஒன்று நின்றது. என் மேசைக்கு நேர் எதிரே. ஒரு தை மாதக் காலையில் பொன்முதுகு மரங்கொத்தி அதைத் தட்ட ஆரம்பித்தது. நாளுக்கு நாள் பொந்து ஆழமாகி, கடைசியில் பறவையே உள்ளே மறைந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அது குடியேறுவதற்குள் ஒரு கிளி ஜோடி வந்து வாசலை மறித்துக் கத்தியது. மனுவும் இல்லை, ஆணையும் இல்லை. கட்டியவர் வெளியே போனார். பங்குனியில் மைனாக்கள் வந்தன. பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மைனா உள்ளே பாய்ந்து கிளியின் காலைப் பிடித்து இழுக்கும். இரண்டும் உருண்டுகொண்டே தரைக்கு வரும். அலுவலகம் இரண்டு கட்சியானது. ஜீப் ஓட்டுநர் கிளிக் கட்சி, நான் மைனா.

"உங்க ஆளு ரவுடிண்ணே" என்பார் ஓட்டுநர்.

கிளி முட்டை ஒன்று கீழே விழுந்து உடைந்த அன்று, அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வெற்றி பெற்ற மைனா வைக்கோலோடு, என் ஜன்னலில் கிடந்த கோப்பு நாடா ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனது. மூன்று இனத்துக்கும் பொந்து வேண்டும். குடையத் தெரிந்தது ஒன்றுக்குத்தான். சண்டையின் மொத்தக் காரணமும் அதுதான் என்று புரிந்த நாளில், வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதையே பேசிப் பேசிச் சோற்றை ஆறவிட்டேன்.

சித்திரையில் மைனாக் குஞ்சுகள் கத்தத் தொடங்கிய வாரத்தில், பரவையிலிருந்து ஒரு மர வியாபாரி கோடரி ஆட்களோடு வந்தார். ஆடிக் காற்றில் மரம் விழுந்துவிடும் என்று அதிகாரி அதை முன்பே ஏலம் விட்டிருந்தார். மாட்டுக் கொட்டகை உத்திரத்துக்காக எடுத்திருந்தார் இவர். குஞ்சுகள் பறக்க இன்னும் நாளிருந்தது.

நான் இறங்கி ஓடினேன். மரத்தை ஒட்டி மின்கம்பி போகிறது, மின்சாரத்தை நிறுத்தாமல் வெட்டக் கூடாது, நிறுத்த எழுதிக் கேட்க வேண்டும், எழுத அதிகாரி கையெழுத்து வேண்டும், அதிகாரி வெளியூர் முகாமில் இருக்கிறார் என்றேன். எல்லாமே உண்மை.

"எம்புட்டு நாளாகும்ணே?"

"முறைப்படி ஆகும்."

திரும்பினால், கிளிக் கட்சிக்காரர் ஜீப்பைக் கொண்டுவந்து மரத்தடியில் சரியாக நிறுத்திக்கொண்டிருந்தார். அன்று மறுபடி ஒன்றாகச் சாப்பிட்டோம்.

என் உத்தியோக வாழ்க்கையில் வேகமாகத் திரும்பி வந்த கோப்பு, மின்சாரத்தை நிறுத்தக் கேட்டு எழுதிய அது ஒன்றுதான். நான் மாதக்கணக்கில் எதிர்பார்த்தேன். இரண்டே வாரத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டு, வியாபாரி வந்து நின்றார். அதிகாரியும் வெளியே வந்தார். ஜீப்பை நகர்த்தச் சொன்னார். பொந்துக்குள் குஞ்சுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. என்னிடம் விதி எதுவும் மிச்சமில்லை.

வியாபாரி மரத்தைத் தட்டிப் பார்த்தார். அண்ணாந்தார். வீடு பறிபோன மரங்கொத்தி இதற்குள் கீழே இன்னொரு பொந்து குடைந்திருந்தது. அதைக் கிளிகள் பிடித்துக்கொண்டதும், அதற்கும் கீழே மூன்றாவது. அந்தப் பொந்திலிருந்து மரங்கொத்தி தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.

"இதை வெட்டி நான் என்ன நாயனமா வாசிக்கப் போறேன்?" என்றார் வியாபாரி.

ஏலத்தை ரத்து செய்ய மனு எழுதித் தரச் சொன்னார். அவ்வளவு வேகமாக நான் எந்த மனுவும் எழுதியதில்லை. அதிகாரி ஜீப்புக்கு வேறு இடம் ஒதுக்கினார்.

அடுத்த தையில் ஓட்டுநர் மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தார். "அண்ணே, வாங்க. நாலாவது வீட்டுக்குத் தட்ட ஆரம்பிச்சிருச்சு."

கையிலிருந்த ஒதுக்கீட்டு ஆணையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.