கதவில் நான் எழுதியது

என் அத்தையிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மூன்று கார்களிலிருந்து சேர்த்த ஒரு கார் அவளிடம் இருந்தது. உடம்பு, புத்தூரில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வண்டியுடையது. இன்ஜின் வேறொன்றிலிருந்து வந்தது. பின்கதவுகள் இரண்டும் திருப்பதிப் பக்கம் எங்கோ மோதி நசுங்கிய மூன்றாவது வண்டியில் தப்பிப் பிழைத்தவை. முன்னால் பல்வரிசை மாதிரி தெரியும் ஸ்டீல் பட்டைகளைப் பக்கத்தில் நின்று வளைக்கச் சொல்லிப் பொருத்தியிருந்தாள். சக்கரங்கள் அகலமானவை. வண்டி தரையை முகர்ந்துகொண்டு நிற்பதுபோல் தாழ்ந்து நிற்கும். அதைக் கிளப்பினால் எங்கள் தெரு நாய்கள் எழுந்து நின்று பார்க்கும், குரைக்காது.

அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. கல்யாணமாகி வரதய்யபாளையம் போனவள், மூன்று வருடத்தில் ஒரு தையல் மெஷினோடு ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரிக்குத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று எங்கள் முன்னால் யாரும் பேசவில்லை. ஊருக்குள் எல்லோரும் தறி ஓட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் சென்னை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஆட்டோவுக்கும் லாரிக்கும் காருக்கும் சீட் தைத்தாள். அப்படித் தைத்துத் தைத்தே அவளுக்கு வண்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மா சொல்வாள். சொல்லும்போது அம்மாவின் குரலில் குறை எதுவும் இருக்காது.

குறை இருந்தது நைனாவுக்கு. புருஷன் வீட்டை விட்டு வந்த பெண், அதிலும் ரோட்டில் போகிற எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு திரிவது அவருக்குப் பெரிய அவமானம். அவர் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. "யாராவது கேட்டா, சீட்டு தைக்க கடைக்கு வந்த வண்டின்னு சொல்லு" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். நானும் அப்படியே சொல்லிவந்தேன். ஒருமுறை அத்தை கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

எனக்குப் பத்து வயதானபோது அந்தக் காருக்கு நாவல்பழ நிறம் வந்தது. ஒரு மாதம் ஆனது. பெயின்டர் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டுப் போவார். அத்தை தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பாள். பிறகு அடுத்த பூச்சு. அவள் விரல் நுனிகள் வெடித்து, சாதம் பிசையும்போது எரிகிறது என்று ஸ்பூனில் சாப்பிட்டாள். ஐந்தாவது பூச்சு காய்ந்த அன்று அந்தக் கதவில் என் பல்லைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அத்தனை உழைப்புக்குக் காரணம், திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கவிருந்த கூட்டம். தங்கள் வண்டியைத் தாங்களே மாற்றிக் கட்டியவர்கள் அங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் அந்தக் காரியத்தைச் செய்தது புதன்கிழமை.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள், கடை வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, அது சென்னைக்காரர் யாரோ தைக்கக் கொடுத்தது என்றாள். எனக்கு என்ன வந்ததோ, எங்கள் அத்தையுடையது என்றேன். "நீதானே அன்னைக்கு கடைக்கு வந்த வண்டின்னு சொன்னே. இன்னைக்கு எப்படி உங்க அத்தைக்கு வந்துச்சி?" என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் அத்தை உள்ளே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது, ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து, முன்கதவில், கைப்பிடிக்குக் கீழே, நன்றாக அழுத்தி எழுதினேன். 'எங்க அத்த காரு.' மறுநாள் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்பது திட்டம்.

நான் படித்தது தெலுங்குப் பள்ளி. தமிழ் எழுத்து, வீட்டில் அம்மா எனக்கும் அத்தைக்கும் சொல்லித் தந்தது. அதனால் புள்ளியைத் தவறான எழுத்தின் தலையில் வைத்திருந்தேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான், நாவல்பழ நிறத்துக்கு அடியில் தகரம் வெள்ளையாகப் பல்லைக் காட்டுவது தெரிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் பெயின்டர் வந்து பார்த்தார். கதவு முழுக்க உரசி மறுபடி அடிக்க வேண்டும், ஒரு வாரம் பிடிக்கும், அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்றார். அத்தை கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு விரலால் அந்த எழுத்துக்களைத் தொட்டுக்கொண்டே போனாள். தவறான புள்ளியில் விரல் நின்றது.

"பாப்பா, இத யாரு எழுதினது?"

"தெரியாது அத்த."

அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன். "சரி, நாயித்துக்கெயம என்னோட வர்றியா?" என்றாள். தண்டனை திருப்பதியில்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கட்டித்தந்த புளிசாதத்தோடு கிளம்பினோம். வடமாலபேட்டை டோல்கேட்டில் வேலை செய்கிறவர்கள் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் எழுத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன்.

மைதானத்தில் முப்பது வண்டிகளாவது இருந்தன. ஓட்டி வந்த பெண் அத்தை ஒருத்திதான். மைக் பிடித்த ஒரு இளைஞர் ஒவ்வொரு வண்டியாக வந்து, உங்கள் வண்டியில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று தெலுங்கில் கேட்டார். சித்தூரிலிருந்து ஜீப் கொண்டுவந்தவர் பதிலே சொல்லாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்து, சத்தத்தைக் கேட்க வைத்தார். காளஹஸ்திக்காரர் ஒருவர் எல்லோரையும் உள்ளே குனிந்து மேலே பார்க்கச் சொன்னார். கூரையின் உட்புறம் முழுக்கக் கலம்காரித் துணி ஒட்டியிருந்தார். எங்கள் முறை வந்தபோது, அத்தை தான் தைத்த சீட்டைத்தான் காட்டுவாள் என்று நம்பினேன். சிவப்பு ஓரம் வைத்து, ஒரு தையல்கூட விலகாமல் அவள் தைத்த சீட் அது. அங்கே வேறு எந்த வண்டியிலும் அப்படி இல்லை.

அவள் முன்கதவுக்கு வந்து நின்று கீறலைக் காட்டினாள்.

இளைஞருக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அத்தை ஒரே மூச்சில் படித்தாள். மைக்கில் அது 'அத்தகாரு' என்று கேட்டிருக்க வேண்டும். தெலுங்கில் அத்தையை மரியாதையோடு கூப்பிடுவது அப்படித்தான். அவர் சிரித்துக்கொண்டே கைகூப்பி, "நமஸ்காரம் அத்தகாரு" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. யார் எழுதியது என்று யாரோ கேட்க, அத்தை என்னைக் கை காட்டினாள். "எங்க அண்ணன் பொண்ணு."

இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். நான் பின்சீட்டில் போய்ப் படுத்து அழுதேன். மத்தியானம் அவள் கதவைத் திறந்து பொட்டலத்தை நீட்டினாள்.

"துன்னு பாப்பா. இன்னாத்துக்கு அழுதுக்கினு கீறே?"

"எனக்கு வேணாம்."

"நான்தான் எழுதினேன்னு இப்போ சொன்னாக்கூட போதும்டி."

"நான்தான் எழுதினேன்" என்றேன். அவள் என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரெக்சின் வாசனையும் பசை வாசனையும் அடித்தது. இவ்வளவு அவமானப்படுத்திவிட்டு இப்போது கொஞ்சுகிறாளே என்று கோபம் இன்னும் அதிகமானது. ஆனாலும் பசி. புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டேன். அத்தைக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அவள் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

நகரி வந்து சேர்ந்தபோது நைனா வாசலில் நின்றிருந்தார். கதவில் இருந்ததை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். அவருக்கும் தமிழ் படிக்க வராது. அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா படித்துக் காட்டி, "உங்க பொண்ணோட எழுத்துதான்" என்றாள். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். நைனா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே அத்தை பெயின்டரை வரவழைத்தாள். கதவை உரசச் சொல்லவில்லை. கீறலுக்கு மேல் நிறமில்லாத வார்னிஷை மட்டும் கண்ணாடி மாதிரி பூசச் சொன்னாள். நான் செய்த குற்றம் என்றைக்கும் அழியக்கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. அதாவது, புரிந்ததாக நினைத்தேன். கொஞ்ச நாள் அந்தக் கதவுப் பக்கமே போகாமல் மறுபக்கமாகச் சுற்றிவந்து ஏறினேன்.

இன்று எனக்கென்று ஒரு வேலையும் வண்டியும் இருக்கின்றன. நம்முடையது என்று ஒன்றை நாலு பேர் முன்னால் வெட்கப்படாமல் சொல்ல எனக்கு வந்திருக்கிறது. அது யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் அத்தைக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். அவளிடம் நேரில் சொன்னால் ஊசியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள்.

வார்னிஷ் காய்ந்த மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். நைனா தறிக்கூடத்துக்குப் போகிற சட்டையோடு அத்தையின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி. அத்தை வண்டியைக் கிளப்பினாள். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நைனா ஜன்னல் கண்ணாடியை ஏற்றவில்லை. அவருடைய பைக் பக்கத்துச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. பஞ்சர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கு நடந்தேன்.