பத்து அங்குலம் தள்ளி நட்ட கல்

என் முப்பது வருட வேலையில், நட்ட கல்லை மறுநாளே நானே பிடுங்கியது ஒரே ஒரு முறைதான். அதுவும் மேலதிகாரியைக் கேட்காமல். சாலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன், இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

1. போர்டு வைத்தது

தாம்பரத்தை அடுத்த ஒரு நகராட்சியில் நான் ஒர்க் இன்ஸ்பெக்டர். தொண்ணூறுகளின் தொடக்கம். காலனியிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்தியபோது, ஓரத்தில் ஆறடி அகலத்துக்கு ஒரு சைக்கிள் பாதை போட்டோம். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாயின் சுவர். மறுபக்கம், பஸ் ஓடும் ரோட்டிலிருந்து பிரிக்க ஓரடி உயரக் கட்டை. ஃபேக்டரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், ட்ரெயினைப் பிடிக்கப் பறக்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி.

ஒரு வாரம் நிம்மதியாகப் போனார்கள். அப்புறம் ஆட்டோக்காரர்கள் அதை ஸ்டாண்டு ஆக்கினார்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து வேன்கள் வரிசை கட்டின. வீடு கட்டுகிறவர்கள் மணலைக் கொட்டினார்கள். நான் 'வண்டி நிறுத்தாதீர்' என்று போர்டு வைத்தேன். அதில் யாரோ லுங்கி காயப்போட்டார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒரு வேன் டிரைவரிடம் போய்க் கத்தினேன்.

"இன்னாத்துக்கு சார் பேஜார் பண்றே? காலியாத்தானே கீது? சைக்கிள் வந்தா எடுத்துக்கப் போறேன்" என்றான். அவன் வேனுக்குப் பின்னால் பத்து சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு நின்றிருந்தன.

2. ஸ்டெல்லாவின் புகார்

எங்கள் ஆபீசுக்கு நேரில் வந்து புகார் கொடுத்தவர் ஒரே ஒருவர், ஸ்டெல்லா. சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போனவர். கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிளில் காலனியிலிருந்து வந்து, பாதி தூரத்தில் பாதையோரமாக இருந்த எஸ்.டி.டி. டெலிபோன் பூத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஆபீஸ் படிக்கட்டில் ஏற முடியாததால், வாசலிலிருந்தே குரல் கொடுத்து என்னை வெளியே வரவழைத்தார்.

"சார், வேன் நின்னா நான் ரோட்ல போயி அந்த முனையால உள்ள பூந்து வரணும். பஸ்காரன் ஒரசிக்கினு போறான். எவனாவது வண்டிய எடுக்குற வரைக்கும் காத்துக்கினு நின்னா, பூத்தத் தொறக்க லேட்டாயிடுது. ரெண்டு தடவ என் மேல கம்ப்ளெய்ன்ட் போயிடுச்சி. வியாழக்கிழம காலீல ஒம்பது மணிக்கு டெலிபோன் ஆபீசர் வந்து பாப்பாராம். அன்னிக்கும் மூடிக் கெடந்தா பூத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க சார். அது போச்சின்னா நான் வூட்லயே குந்திக்கினு கெடக்க வேண்டியதுதான்."

அதைக் கேட்டதும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த வண்டிக்காரர்களை ஒழித்துக் கட்டாமல் விடுவதில்லை என்று ஏ.இ.யிடம் போய் நின்றேன். பாதையின் இரண்டு முனையிலும் ஆளுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நட்டால், சைக்கிள் போகும், ஆட்டோவும் வேனும் போகாது. உதவிப் பொறியாளரான அவர் அதிகம் பேச மாட்டார். "அளவு பாத்து நடுய்யா" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எதை நட்டாலும் நூல் பிடித்து நட்ட நடுவில்தான் நடுவோம். அதுதான் பார்க்க லட்சணம். எட்டு அங்குலக் கல்லை நடுவில் நட்டால், இரண்டு பக்கமும் இரண்டடி எட்டு அங்குலம் வழி கிடைக்கும். என் சைக்கிளையே தள்ளிப் பார்த்தேன். ஹேண்டில்பார் தாராளமாகப் போனது. புதன்கிழமை காலை கொத்தனார் கண்ணாயிரம் இரண்டு கல்லையும் கான்கிரீட் போட்டு இறுக்கிவிட்டார். மாலையில் ஏ.இ. வந்து பார்த்து, வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

3. வியாழக்கிழமை, எட்டேகால்

மறுநாள் காலையில் என் கல்லின் அழகைப் பார்க்கப் போனேன். உள்ளதைச் சொல்கிறேன், பார்த்து ரசிக்கத்தான் போனேன். ஆட்டோக்கள் வந்து, திட்டிவிட்டுத் திரும்பின. சைக்கிள்கள் ஜோராகப் போயின. டீ வாங்கிக் குடித்துக்கொண்டே நின்றேன்.

அப்போது ஸ்டெல்லா வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தபடி கையைச் சுற்றி உள்ளே நுழைந்தார். முன் சக்கரம் போனது. பின் சக்கரம் ஒன்று கட்டையிலும் மற்றொன்று என் கல்லிலும் இடித்து, வண்டி நின்றது. அவருக்குப் பின்னால் சைக்கிள்கள் சேர ஆரம்பித்து மணியடித்தன.

டேப் எடுத்து அளந்தேன். வண்டியின் அகலம் மூன்றடி இரண்டு அங்குலம். நான் விட்டிருந்த வழியோ இரண்டடி எட்டு, அடுத்த முனையிலும் அதே அளவுதான்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "ஏம்மா, வண்டி இவ்ளோ அகலம்னு அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வண்டி மேலதானே சார் குந்திக்கினு பேசினேன். நீங்க பாக்கலையா?" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சைக்கிளில் வந்த நான்கு பேர், வண்டியோடு அவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பதாகச் சொன்னார்கள். ஸ்டெல்லா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வாணாம் அண்ணா. இப்டித்தான் ஒரு தபா தூக்கறேன்னு சாய்ச்சி, அச்சு முறிஞ்சிது. அதுவும் இல்லாம, இன்னிக்குத் தூக்குவீங்க, சாயந்தரம் யார் வருவா? நாளைக்கு யார் வருவா? சார், இந்தக் கல்ல எடுங்க."

கையெழுத்தான வேலையைக் கேட்காமல் உடைத்தால் மெமோ நிச்சயம். சஸ்பென்ஷன் வந்தாலும் ஆச்சரியமில்லை. போனில் கேட்கலாம் என்றால், பக்கத்தில் போன் இருந்தது ஸ்டெல்லாவின் பூட்டிக் கிடந்த பூத்தில்தான். ஏ.இ. வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். ஒன்பதுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த முனைக்கு மிதித்தேன். அங்கே இன்னொரு கல்லுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த கண்ணாயிரத்தைக் கடப்பாரையோடு பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"நேத்து நட்டது சார். இன்னாத்துக்குப் புடுங்கணும்?" என்று கண்ணாயிரம் இரண்டு முறை கேட்டார். வண்டியைப் பார்த்ததும் மூன்றாவது முறை கேட்கவில்லை.

அவர் போட்ட கான்கிரீட் லேசில் அசையவில்லை. கொஞ்சம் மட்டமான வேலைக்காரராக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று ஒருநாள் மட்டும் நினைத்தேன். நானும் சட்டையைக் கழற்றிவிட்டு மண் வாரினேன். எட்டு ஐம்பதுக்குக் கல் சாய்ந்தது. பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கிவிடக் கூடாதே என்று உடைந்த ஜல்லியையும் மண்ணையும் போட்டுக் கடப்பாரையின் தட்டை முனையால் குத்தி இறுக்கினோம். ஸ்டெல்லா கையை வேகமாகச் சுற்றிக்கொண்டு போனார். நான் சட்டையைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன்.

4. முதல் கால்

ஷட்டர் ஏறியபோது ஒன்பதாக இரண்டு நிமிஷம் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கிருந்தே ஏ.இ. வீட்டுக்கு போன் போட்டேன். தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"சார், காலனி முனைக் கல்லைப் பிடுங்கிட்டேன். அளவு தப்பு சார். தப்பு என்னோடது. மூணு சக்கர வண்டி போகலை."

ஏ.இ. பதில் சொல்வதற்குள் பைலோடு ஓர் ஆள் வாசலில் வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே மண்ணும் வியர்வையுமாகப் பேசிக்கொண்டிருந்த என்னையும் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டார்.

"இப்போ வண்டி போச்சா?" என்று ஏ.இ. கேட்டார்.

"போச்சு சார்."

"சரி, நடுவுலதான் நடணும்னு யாருய்யா சொன்னா? கால்வாய்ப் பக்கமா பத்து இஞ்ச் தள்ளி நடு. இந்தப் பக்கம் மூணரை அடி கிடைக்கும், அப்பவும் ஆட்டோ போகாது. அந்த முனைக் கல்லையும் மாத்திடு. நான் எழுதிக்கறேன்."

அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ரிசீவரை வைத்த பிறகும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கே கல் நடுவதாக இருந்தாலும், முதலில் அந்த இடத்தில் ஒரு காலி தார் டின்னை வைத்து, காலையிலிருந்து மாலை வரை யார் யார் எதில் போகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டின்னை நகர்த்தக் கடப்பாரை வேண்டாம்.

அன்று பைலோடு வந்த டெலிபோன் ஆபீசர் சரியென்று தலையசைத்துவிட்டுப் போனதும், ஸ்டெல்லா கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.

"சார், பேசி முடிச்சிட்டா எழுந்து வாங்க. வெளீல ரெண்டு பேர் நிக்கிறாங்க."