எங்கள் கடையில் பாடியவர்களும் நான் கொடுத்த காசும்

மீந்துபோன மீன்குழம்பையாவது மறுநாள் சுடவைத்து வீட்டில் ஊற்றிச் சாப்பிடலாம். யாரும் கேட்காமல் மீந்துபோன பாட்டுக்கு முழுக் காசையும் கொடுத்துத்தான் தீரவேண்டும்.

சின்னக் கடை வைத்துக்கொண்டு, கூட்டம் சேர்க்க வாரம் ஒருநாள் பாட்டு வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் சாப்பாட்டுக் கடை சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், உலு திராமில் இருக்கிறது. மதியம் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் தோசை, ரொட்டி, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேத்தண்ணி. மதிய வியாபாரம் பழுதில்லை. சாயங்காலம்தான் படுத்துவிட்டது. கடை வரிசையின் கோடியில் ஏர்கோன் போட்ட பெரிய கடை ஒன்று திறந்த பிறகு, எங்கள் கடையில் காற்றாடி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் பல வருடம் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறிவிடுவார். ஒரு மழை நாளில் லாரிக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிய பிறகுதான் அந்த வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். இப்போது பழைய முதலாளி போன் மேல் போன் போடுகிறார். "தீபாவளி வரைக்கும் பாப்போம் கமலா. சாயங்கால யாவாரம் தேறலன்னா நான் மறுபடி பாலம் ஏறிடுறேன்" என்று இவர் சொல்லிவிட்டார். பாலம் ஏறும்போது போட்டுப்போன அவருடைய மழைக்கோட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. தூக்கிப் போடுங்கள் என்றால் போடமாட்டார். உப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் முகத்தில் இடிக்கும். எட்டாவதோடு, அதாவது இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்ட எனக்குக் கணக்கு சுமாராக வரும். கவலைப்பட மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால், சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு வைக்கலாம் என்று அவர் சொன்னதும் சரி என்றேன். கல்லாவில் உட்காருகிறவள் நான் என்பதால், பாடுகிறவர்களுக்குக் காசு கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஹலோ, ஹலோ

முதலில் வந்தவர்கள் கித்தார் வாசிக்கும் இரண்டு பேர். மணிக்கு இவ்வளவு என்று பேச்சு. ஏழு மணிக்கு வந்து வயர்களை விரித்தார்கள். ஒருவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றார். மற்றவர் கித்தார் கம்பியை முறுக்கினார். முறுக்கியதைத் தளர்த்தினார். மறுபடி முறுக்கினார். இதுதான் பாட்டோ என்று நினைத்து நான்கூட இரண்டு தடவை தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு அபூர்வமாக ஒரு மலாய்க் குடும்பம் வந்திருந்தது. அவர்கள் ரொட்டி தின்று, கை கழுவி, காசு கொடுத்துக் கிளம்பும்வரை கேட்டது அந்த ஹலோவை மட்டும்தான்.

காசு எடுத்து வைக்கும்போது, கம்பி முறுக்கிய நேரத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று காளியிடம் மெதுவாகக் கேட்டேன். காளி எங்கள் கடையில் தே, காப்பி என்று தண்ணி கலக்குகிறவர். அவர் ஆற்றும் தேத்தண்ணி மாதிரியே அவருடைய பேச்சும் நீளமாக வரும். அன்று சுருக்கமாகவே முடித்துக்கொண்டார்: "அப்பன்னா நாளையிலேருந்து வெங்காயம் உரிக்கிற நேரத்துக்கு எங்களுக்கும் சம்பளம் இல்லையாக்கா?"

வெள்ளைக் கவர்

கித்தார்காரர்களை ஏர்கோன் கடை இழுத்துக்கொண்டது. அடுத்து வந்தவர் சாக்ஸபோன் ஊதும் ஒரு சீனப் பெரியவர். ஆ லெக் அங்கிள் என்று கூப்பிடுவோம். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளிகளுக்கு மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். என் மலாயைவிட அவர் தமிழ் நன்றாக இருக்கும். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து, பழைய தமிழ்ப் பாட்டுகளை அவர் ஊதினால் வார்த்தை இல்லாமலே வார்த்தை கேட்கும். அப்படிப்பட்டவர் கையில் நோட்டை வெறுமனே திணிப்பதா? எனக்கு மனசு வரவில்லை. மேசை இழுப்பறையில் சுத்தமான வெள்ளை உறை ஒன்று இருந்தது. அதில் பேசிய காசை வைத்தேன். பூஜ்யத்தில் முடியக்கூடாதே என்று, நம் வழக்கப்படி மேலே ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் நோட்டையும் சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

நீண்ட அவர் கை பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. சீனர்கள் சாவு வீட்டுக்குத்தான் வெள்ளை உறையில் காசு வைப்பார்களாம். அதுவும் ஒற்றைப்படையில்தான் வைப்பார்களாம். நல்லதுக்கு என்றால் அங்பாவ் என்கிற சிவப்பு உறை, இரட்டைப்படை. நாம் மங்கலத்துக்குச் சேர்க்கும் அந்த ஒரு வெள்ளிதான் அவர்களுக்கு ஆகாத வெள்ளி. எனக்கு எங்கே தெரியும்? அங்கிள் உறையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. "தங்கச்சி, வெள்ளைக் கவரு, ஒத்தப்படைக் காசு, எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே. பெட்டி எப்ப வரும்?"

ரசத்துக்கு உப்பு

அங்கிள் கொஞ்ச நாளில் மலாக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உறையால் இல்லை என்று போனில் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவருக்குப் பிறகு வந்தவர்தான் ராயப்பன் மாஸ்டர். வாரநாளில் செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சார வேலை. சனிக்கிழமை கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் தொண்டை அருமையான தொண்டை. ஒரே குறை, அவருக்குச் சோகப் பாட்டுதான் பிடிக்கும். காதல் தோற்றவன், தாயை இழந்தவன், ஊரை விட்டுப் போனவன் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றில் கையை வைத்தபடி கூரையைப் பார்த்தார்கள். இரண்டாவது தோசை கேட்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கொஞ்சம் குத்துப் பாட்டாகப் பாடுங்கள் மாஸ்டர் என்றேன். அதற்குத் தொண்டை அதிகம் செலவாகும், காசு கூடும் என்றார். சோகம்தான் மலிவு என்றால் நான் என்ன செய்வது? சோகத்தையே வாங்கினேன். அன்றைக்கு, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் லெட்சுமணன் அண்ணன், எங்கள் பழைய வாடிக்கைக்காரர், கண்ணீர் மூக்கு வழியாக இறங்க இறங்க ரசம் குடித்துக்கொண்டிருந்தார். ரசம் எப்படி அண்ணே என்று கேட்டேன். குவளையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இனிமே மாஸ்டர் பாடுற அன்னைக்கு ரசத்துல உப்பு போடாதீங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

ஒரு தே, முழுக் கச்சேரி

மாஸ்டர் பாட்டின் பேர் பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மேசைகள் நிறைந்தன. இனி கவலை விட்டது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்தவர்கள் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இடம் இல்லாமல் திரும்பிப் போனவர்கள் நேராக ஏர்கோன் கடைக்குப் போனார்கள். கடை நிறைந்திருந்தது, கல்லா மட்டும் காலி. மாஸ்டருக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதை என் வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்து இழுப்பறையைச் சாத்தினார். மறுநாள் அந்த மழைக்கோட்டைத் துவைத்துக் காயப்போட்டார். பாலம் ஏறத் தயாராகிவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, எழுந்து போகட்டும் என்று காளியை மேசை துடைக்கச் சொன்னேன். ஒரே மேசையை நாலு தடவை துடைத்தார். அங்கே வெறும் குவளையோடு இருந்த இளவட்டம் காலைத் தூக்கிக் கூட்டச் சொன்னது, கையைத் தூக்கித் துடைக்கச் சொன்னது, எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்றது. நானே போய், "தம்பி, வேற ஏதாவது வேணுமா?" என்றேன். அவன் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினான்: "உஷ்! நடுப்பாட்டுல எந்திரிச்சா கலைஞருக்கு மரியாதை இல்ல லா, ஆன்ட்டி."

அணைக்காத மைக்

அந்த எரிச்சலோடு இருந்தேன். பாட்டு முடிந்து மாஸ்டர் காசு வாங்கக் கல்லாவுக்கு வந்தார். கையிலிருந்த மைக்கைக் கல்லா மேல் வைத்தார். அன்று அவர் இரண்டு தட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு தட்டு என் கணக்கு. ரெண்டாவது தட்டைக் கழிச்சிக்கிறேன்" என்றேன்.

"அக்கா, நான் தின்னா தொண்டைக்குத் தெம்பு. தொண்டை யாருக்குப் பாடுது? உங்க கடைக்குத்தானே?"

"லெட்சுமணன் அண்ணன்கூட இங்க தின்னுட்டுத்தான் பஸ் ஓட்டுறாரு. பள்ளிக்கூடம் எனக்கா காசு குடுக்குது?"

"பிரட்டல்ல உப்பு தூக்கல். நான் ஏதாச்சும் கேட்டனா? பேசாமத்தானே தின்னேன்?"

"என் பிரட்டல்ல உப்பா? நீங்க மூனாவது பாட்டுல மேல போகமுடியாம இருமுனீங்களே, அதை நான் கேட்டனா? பேசாமத்தானே உக்காந்திருந்தேன்?"

அப்போதுதான் கவனித்தேன். என் குரல் எனக்கே இரண்டு தடவை கேட்டது. கடைக்குள் ஒருவரும் மெல்லவில்லை. வெளியே அஞ்சடி நடைபாதையில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். மைக் அணையவில்லை, என் பிரட்டலும் மாஸ்டரின் இருமலும் தெருக்கோடி ஏர்கோன் கடைவரை போயிருந்தன. வெட்கத்தில் முழுக் காசையும் எடுத்து மாஸ்டர் கையில் திணித்தேன். உடனே கைதட்டு. அதற்கும் மேல், லெட்சுமணன் அண்ணன் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "மாஸ்டராச்சும் ஒரு எடத்துல எறங்குனாரு. அக்கா கடைசி வரைக்கும் சுருதி விலகல லா!"

கேட்க வந்தவர்கள்

ஒரு வாரம் வெளியே தலைகாட்டக் கூசினேன். அடுத்த சனிக்கிழமை முன்யோசனையோடு இருந்தேன். சிவப்பு அங்பாவ் உறை வாங்கி, பேசிய காசை வைத்து, பாட்டு முடிந்ததும் மாஸ்டரை அடுப்படிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன். அவருக்குமே ஏதோ குறைந்த மாதிரி முகம்.

வெளியே வந்து பார்த்தால் ஒரு மேசைகூட எழுந்திருக்கவில்லை. எழாதது மட்டுமில்லை, புதிதாகத் தோசை கேட்கிறார்கள், முட்டை ரொட்டி கேட்கிறார்கள். காளிக்குக் கை ஓயவில்லை. நடு மேசையில் வேனில் வந்திறங்கிய ஒரு குடும்பம், எல்லார் முகமும் கல்லாவைப் பார்த்தபடி இருந்தது. கணக்கு முடிக்கவா என்று அந்த அம்மாவிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அவ்ளோ தூரம் பெக்கான் நானாஸ்லேருந்து வர்றோம்கா. பாட்டு முடிஞ்சிருச்சு. சண்டை எப்ப?"

மழைக்கோட்டு

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட நானும் மாஸ்டரும் சும்மா இருந்ததில்லை. நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு நடிக்கத் தெரியாது. அந்த மனிதர் வாராவாரம் ஏதாவது செய்வார். ஒரு வாரம் காற்றாடியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். ஒரு வாரம், பாட்டுக்கு நடுவில் போன் பேசினார். ஜனங்கள் அவர் கட்சி, என் கட்சி என்று பிரிந்து உட்கார்ந்து, கட்சிக்கு ஒரு தே வாங்கிக் குடித்தார்கள். ஏர்கோன் கடைக்குப் போன அந்தக் கித்தார்காரர்கள்கூட வந்து என் கட்சியில் உட்கார்ந்தார்கள். "அன்னைக்கு மைக்கை ஏன் அணைக்கல?" என்று என் வீட்டுக்காரரை மடக்கினேன். அணைக்கத்தான் போனாராம். அதற்குள் இரண்டு மேசை புதிதாகத் தண்ணி கேட்டதாம், விட்டுவிட்டாராம்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அடைமழை. ஆனாலும் கடை நிறைந்திருந்தது. நானும் மாஸ்டரும் சண்டையில் மும்முரமாக இருந்தபோது சாரல் உள்ளே அடிக்க, "ஸ்பீக்கர் நனையுதுக்கா!" என்று மாஸ்டர் கத்தினார். என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் ஓடினார். மழைக்கோட்டோடு வந்தார். அதைக் கையில் பார்த்ததும் எனக்குப் பாதி வசனம் மறந்துபோனது. அவர் அதை விரித்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போர்த்தி, குழந்தைக்குப் போடுவதுபோல் கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார். கல்லாமேல் அவருடைய போன் அடித்தது. பழைய முதலாளி. "வரலங்க. இங்க மைக் பிடிக்க ஆள் வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு உப்பு எடுக்கப் போகவேண்டும்போல் இருந்தது. போனேன். கதவுக்குப் பின்னால் எதுவும் முகத்தில் இடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ராயப்பன் மாஸ்டர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சரிபார்த்து, கடை மொத்தமும் கேட்கச் சொன்னார்: "அக்கா, நீங்க பேசுன சம்பளம் பாட்டுக்கு மட்டும்தான். சண்டைக்குத் தனியாப் பேசிக்குவோம்."

ஆகவே, சின்னக் கடை வைத்து அல்லாடும் என் கூட்டாளிகளே, பாடுகிறவருக்குப் பேசிய காசைக் குறைக்காமல் கொடுங்கள், ஆனால் சத்தமில்லாமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.