ஆறாவது கட்டம்

கஸ்பாருக்கு நாற்பத்து நான்கு வயது. அவருடைய கண்ணுக்கு மட்டும் எழுபது. சேலத்தில் மாதா கோயில் மணி அடிப்பவரின் மகனாகப் பிறந்து, பட்டாளத்தில் சில வருடம் மேப் போட்டு, 1951-இல் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக வந்து சேர்ந்தவர். வந்த புதிதில் கணக்கில் புலி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் புகழ்ச்சியை நம்பியதுதான் அவர் செய்த முதல் தப்பு.

புலிக்குக் கொடுத்த வேலை ஓர் அட்டவணை. ஆற்றில் இத்தனை அடி தண்ணீர் நிற்கும்போது மதகை இத்தனை அங்குலம் தூக்கினால் வாய்க்காலில் எவ்வளவு போகும் என்று சொல்கிற அட்டவணை. மொத்தம் நாலாயிரத்து இருநூறு எண்கள். வாய்க்காலில் வண்டல் சேரச் சேரக் கணக்கு மாறும் என்பதால் வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும். எண் பிசகினால் கரும்புக்காரனும் வெற்றிலைக் கொடிக்கால்காரனும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். பதினைந்து வருடம் அரைத்த மாவையே அரைத்தார். இடையில் அடி போய் மீட்டர் வந்தது. ஒரு வருடம் இரண்டிலும் போட்டார். அந்த வருடம்தான் எட்டும் மூன்றும் அவருக்கு ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்தன.

சேலத்துக் கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு வருசம் இப்படி எண்ணைப் பாத்தீங்கன்னா, அப்புறம் பாக்கறதுக்கு எண்ணு இருக்கும், கண்ணு இருக்காது" என்றார். கஸ்பார் அதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. கண் போன டிராஃப்ட்ஸ்மேனை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்?

1966 கடைசியில் சென்னியப்பன் என்ற இளம் இன்ஜினியர் மாற்றலாகி வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம், சென்னையில் படித்தவர். அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க கஸ்பார், இதப் பூராங் கையிலயா போட்டீங்க? மெட்ராசுல கம்ப்யூட்டர் இருக்குதுங்க. ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துரும். ப்ரோக்ராம் மட்டும் நாம எழுதி அனுப்போணும்."

அனுமதி கேட்டு எழுதியதில், மார்ச் மாதக் கடைசி வரைக்கும் நான்கே நான்கு தடவை ஓட்டித் தருவதாகப் பதில் வந்தது. கூடவே ஒரு புத்தகமும் கட்டம் போட்ட தாள்களும் வந்தன. கஸ்பார் ஒரு மாதம் உட்கார்ந்து ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையைப் படித்தார். நாலாயிரத்து இருநூறு எண்ணிலிருந்து தப்பிக்க நூற்றுச் சொச்சம் வரிதானே என்று நினைத்தார். பாவம்.

ஒவ்வொரு வரிக்கும் எண்பது கட்டம். முதல் ஐந்து கட்டம் வரிக்கு எண் போட, ஏழாவதிலிருந்து வாக்கியம். நடுவில் ஆறாவது கட்டம் ஒன்று சும்மா நின்றது. அதற்கு ஒரு பயன் உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தார். தமக்குத் தேவைப்படாததால் மறந்தும் போனார். ஐந்து தாளில் எழுதி ஜனவரியில் பதிவுத் தபாலில் அனுப்பினார். அங்கே பெண்கள் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையாகக் குத்துவார்கள். அட்டைகளைக் கம்பைலர் படித்து மெஷினின் பாஷைக்கு மாற்றும். மாற்ற முடியாவிட்டால் பிழைப் பட்டியல் அடித்துத் தரும்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. பதினோரு பிழை.

அவர் ஆறு பிழையைக் கண்டுபிடித்தார். ஓரிடத்தில் அடைப்புக்குறி மூடவில்லை. இன்னோரிடத்தில் இல்லாத வரிக்குத் தாவச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி. மீதி ஐந்து பிடிபடவில்லை. மெஷின் காட்டிய வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன. தெரிந்ததைத் திருத்தி அனுப்பினார். பிப்ரவரியில் பதில் வந்தது. ஆறு போயிருந்தது, அந்த ஐந்தும் அசையாமல் இருந்தன.

"என் எழுத்து அங்க புரியலையோ என்னவோ" என்று கஸ்பாருக்குத் தோன்றியது. கண் மங்கியதில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது உண்மைதான். அதனால் முழுவதையும் மறுபடி எழுதினார். இரண்டு மூன்று வரிக்கு ஒரு வரி காலி விட்டுத் தெளிவாக எழுதியதில் தாள் ஏழாகிவிட்டது. மூன்றாவது தடவை அனுப்பினார். மார்ச் எட்டாம் தேதி பதில் வந்தது.

ஏழு பிழை.

ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அழகாக எழுதியதற்கு இரண்டு பிழை கூடுதல்! சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று கஸ்பார் பட்டியலை மேசைமேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

சென்னியப்பன் வந்து பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னும் ஒரு தடவைதானுங்க இருக்குது, கஸ்பார். இதுவும் ஆகலீன்னா..." என்று இழுத்தார்.

"ஆகலீன்னா கையில போடறனுங்க சார்" என்றார் கஸ்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தாள்களை ஜன்னல் ஓரம் பரப்பினார். வெயில் பளீரென்று அடித்தும் கட்டங்கள் கலங்கலாகவே தெரிந்தன. மனைவி அன்னாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது.

"அன்னா, இப்படி வா. மெஷினு சொல்ற வரிய நீ படி. ஒரு கட்டம் உடாமப் படி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரல் வைத்துப் படித்தாள். முதல் பிழை, முதல் தாளின் முதல் வரி. மற்ற ஆறும் ஆறு தாள்களின் கடைசி வரிகள். அவள் தாள் தாளாக எடுத்து அடியிலேயே விரல் வைத்ததும் கஸ்பார் நிமிர்ந்தார்.

"எல்லாமே தாள் முடியற எடத்துலயா?"

"மொதத் தப்பு மட்டும் ஆரம்பத்துலங்க, மத்ததெல்லாம் அடியிலதான். ஏழு தாளு, ஏழு தப்பு."

போன தடவை ஐந்து தாள், ஐந்து பிழை. இதைக் கவனிக்க மூன்று மாதமா என்று தம்மையே நொந்துகொண்டார். தாள் முடிந்து அடுத்த தாள் தொடங்குகிற இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. கடைசி வரிகள் சரி. அப்படியானால் அடுத்த தாளின் முதல் வரி?

"ரெண்டாந் தாளு, மொத வரி. படி."

"மொதக் கட்டம் காலிங்க. ரெண்டு காலி. மூணு, நாலு, அஞ்சு காலி. ஆறுல சிலுவை. ஏழுல..."

"எதுல?"

"ஆறுலதானுங்க. நீங்க போடுவீங்களே, அந்தச் சிலுவை."

கஸ்பார் எந்தத் தாளையும் சிலுவை போடாமல் தொடங்கியதில்லை. பிள்ளையார் சுழி போடுகிறவர்களுக்கு அது எப்படியோ, இவருக்கு இது அப்படி. சிலேட்டுப் பிடித்த வயதில் அப்பா கற்றுக்கொடுத்தது. பதினைந்து வருட அட்டவணைகளில் ஒரு பக்கம்கூட அது இல்லாமல் இருக்காது. இந்தத் தாளிலோ மேலே ஓரம் முழுக்க அச்சடித்திருந்தது. அதனால் முதல் வரியில் சும்மா நின்ற ஆறாவது கட்டத்தில் கை தானாகப் போட்டுவிட்டது. கட்டத்தில் இருப்பதைக் குத்துவதுதான் சென்னைப் பெண்களின் வேலை, அவர்களும் அதைக் கூட்டல் குறியாகக் குத்திவிட்டார்கள்.

புத்தகத்தை எடுத்து அன்னாளிடம் கொடுத்து அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னார். ஆறாவது கட்டத்தில் என்ன குறி இருந்தாலும் சரி, அந்த வரி முந்தைய வரியின் தொடர்ச்சி என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு தாளின் கடைசி வரியோடு அடுத்த தாளின் முதல் வரியை ஒட்டிப் படித்து, இது என்ன உளறல் என்று அது கேட்டிருக்கிறது. முதல் தாளுக்கு ஒட்டிக்கொள்ளவும் வரியில்லை. கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது; சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான்காவது தடவைக்கு எழுத உட்கார்ந்தார். வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா இருந்தார். சட்டையில்லாமல் மாதா கோயிலுக்குள் நுழைவது போலக் கூச்சமாக இருந்தது.

"பின்னால போட்டுக்குங்களே" என்றாள் அன்னாள். "மெஷினு என்ன பின்பக்கமா திருப்பிப் பாக்கப் போகுது?"

ஏழு தாளுக்கும் பின்னால் ஏழு சிலுவை போட்டு அனுப்பினார்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி ஒரு பெரிய பார்சல் வந்தது. பிழைப் பட்டியல் இல்லை. மடிப்பு மடிப்பாக அட்டவணை மட்டும் இருந்தது. நாலாயிரத்து இருநூறு எண்களும். கஸ்பார் அதை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக, தாம் போடாத எண்கள். இனிக் கண் பிழைத்தது என்று நினைத்தார்.

ஒரு வாரம் கழித்து மேலாபீசிலிருந்து குறிப்பு வந்தது. அதைக் கொடுக்கவே சென்னியப்பனுக்குச் சங்கடமாக இருந்தது.

"மெஷின் போட்டத அப்படியே ஏத்துக்க முடியாதுன்னு சொல்றாங்க. எல்லா எண்ணையும் கையில சரிபார்த்து, சரிபார்த்தேன்னு நீங்க கையெழுத்துப் போடோணுமாமுங்க."

"எல்லா எண்ணையுங்களா?"

"எல்லா எண்ணையுந்தானுங்க."

கஸ்பார் அட்டவணையை வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்னாள் படிக்க, பத்து எண்களை மட்டும் போட்டுப் பார்த்தார். எப்போதும் தம்மைப் பாடாய்ப் படுத்திய பத்தாகப் பார்த்துப் பொறுக்கினார். பத்தும் ஒத்துவந்தன. பதினோராவதற்குப் பென்சிலை எடுத்தவர் திரும்பக் கீழே வைத்தார். பிறகு, அனைத்தும் சரிபார்க்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செய்யாத வேலையைச் செய்ததாக அவர் தம் வாழ்நாளில் எழுதியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டார்.

"பொய் சொல்லிட்டனுங்க சாமி."

"எத்தன தடவ?" என்றார் உள்ளே இருந்த சாமியார். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கும் குரல் ஓய்ந்திருந்தது.

"கையெழுத்து ஒண்ணுதானுங்க. ஆனா அதுல நாலாயிரத்து நூத்தித் தொண்ணூறு எண்ணு இருக்குதுங்க."

சாமியார் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதனால யாருக்காச்சும் நட்டமா?"

"இருக்காதுங்க. இருந்தா எனக்குத் தெரியாதுங்க, சாமி. நான் பாக்கலீங்களே."

பிறகு சாமியார் பாவத்துக்குப் பரிகாரமாக அபராதம் சொன்னார்: "ஒரு அம்பத்துமூணு மணி செபம் சொல்லு. போ."

கஸ்பார் பின்வரிசையில் போய் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார். விரலில் முதல் மணி உருண்டபோதுதான் அவருக்கு உறைத்தது, இதை எண்ணக் கண் வேண்டியதில்லை. இமைகளை மூடிக்கொண்டார். ஐம்பத்து மூன்றையும் அவசரமில்லாமல், ஒன்றுகூடத் தப்பாமல் எண்ணி முடித்தார்.