கல்லலில் கழிந்த நான்கு ஆண்டுகள்

எங்கள் தந்தையாராகிய அப்பச்சி மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் என் வணக்கம். அப்பச்சியின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இலக்கியம் படிப்பவள், விரைவில் எழுதிவிடுவாள் என்று எல்லாரும் எண்ணினார்கள். கட்டுரை நான்கு முறை அச்சகத்திலிருந்து திரும்பி வந்தது. பிழைகளுக்காக அல்ல.

அப்பச்சி கீழச்சிவல்பட்டியில் உடன்பிறந்தார் ஐவரில் இளையவராகப் பிறந்தார்கள். வீடு மிகப் பெரியது. வருமானம் மிகச் சிறியது. அவ்வளவு பெரிய வீட்டிலிருந்து வரும் பிள்ளை கல்விக் கட்டணச் சலுகை கேட்டால் யார் நம்புவார்கள் என்று கூசி, ஓராண்டு பள்ளிக்கே செல்லாமல் இருந்தார்களாம். பின்னர் காரைக்குடியில் பொருளாதாரப் பட்டமும், சென்னையில் முதுகலைப் பட்டமும் பெற்று, பொருளாதாரமும் தொழில்துறையும் பேசும் தமிழ் மாத இதழ் ஒன்றில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார்கள். பதினேழு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்கள். சேர்ந்த பதவியிலேயே வெளியேறினார்கள்.

அவ்விதழில் அப்பச்சியின் பொறுப்பு ஒரு தொடர் பகுதி. பொருளாதார அறிஞர், அறிவியல் கொள்கை வகுப்போர், தொழிலதிபர், பத்திரிகை ஆசிரியர் எனத் தலைமைக்கு வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதை மாதம் ஒருவராக எழுத வேண்டும். அவரவர் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வரும். அதில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட உயர்ந்த பதவியைச் சொல்லும். அப்பச்சி அதை ஓரத்தில் வைத்துவிட்டு, ஆண்டுகள் விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டு, "அதுக்கும் இதுக்கும் நடுவுல எங்க இருந்தீக?" என்று தொலைபேசியில் கேட்பார்கள்.

சிலர் இணைப்பைத் துண்டித்தார்கள். சிலர் சொன்னார்கள். ஆய்வேடு ஏற்கப்படாமல் இரண்டாண்டு வீட்டில் இருந்ததாக ஒரு பொருளாதார அறிஞர் சொன்னார். கருவிக் கிடங்குக்கு மாற்றப்பட்டு, எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாமல் மூன்றாண்டு இருந்ததாக, பின்னாளில் அறிவியல் கொள்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஓர் அம்மையார் சொன்னார். அதை எழுதினால்தான் படிக்கும் பிள்ளைகளுக்கு வழி தெரியும் என்பது அப்பச்சியின் பிடிவாதம்.

ஒரு தொழிலதிபர் தம் முதல் ஆலை மூடப்பட்டபின் சிங்கம்புணரியில் தமக்கையார் வீட்டில் ஓராண்டு வெளியே வராமல் இருந்ததைத் தாமே விரும்பிச் சொன்னார். அப்பச்சி எழுதினார்கள். அவருடைய அலுவலகம் நீக்கச் சொல்ல, இதழாசிரியர் அப்பகுதியை நீக்கினார். அப்படியாயின் என் பெயரையும் நீக்கிவிடுங்கள் என்று அப்பச்சி எழுத்து மூலம் கேட்டார்கள். கட்டுரை அப்பச்சியின் பெயருடனேயே வெளிவந்தது.

இந்த இடத்தில்தான் என் கட்டுரைக்கு முதல் திருத்தம் வந்தது. இம்மலரை முன்னின்று வெளியிடவிருந்தவர், அப்பச்சியின் தமையனாராகிய எங்கள் பெரியப்பச்சி, "பத்திரிகை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றாகன்னு போடுத்தா" என்றார்கள். அப்பச்சி ஒருநாளும் ஆசிரியராக இருந்ததில்லை என்றேன். அடுத்த திருத்தம், கொள்கைக்காக வேலையைத் துறந்தார் என்பது. அது கேட்க அழகாக இருந்தது. அதுவும் முழு உண்மையன்று. தம் பெயர் அச்சான பிறகும் அப்பச்சி எட்டு மாதம் அங்கேயே வேலை பார்த்தார்கள். பதவி உயர்வு தமக்குப் பின் சேர்ந்தவருக்குப் போனபோதுதான் விலகினார்கள்.

விலகிய பின் காரைக்குடிக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் சேரும்வரை நான்கு ஆண்டுகள். அவற்றை எழுதவே வேண்டாம் என்பது மூன்றாம் திருத்தம்.

"இந்த மலர் நம்ம சனத்துல ஒம்பது கோயில்காரக வீட்டுக்கும் போகும்த்தா. உனக்கு வரன் பாக்குற நேரத்துல, உங்கப்பச்சி நாலு வருசம் சும்மா இருந்தாகன்னு நாமளே அச்சடிச்சுக் கையில குடுக்கணுமா? எவனாவது கேட்டானா?"

எவரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். நானும் நெடுங்காலம் கேட்டதில்லை. அந்நான்கு ஆண்டுகளும் அப்பச்சி நாள்தோறும் காலை சாப்பாட்டுப் பாத்திரத்துடன் கல்லலுக்குச் சென்று மாலை திரும்பினார்கள். கல்லலில் ஏதோ கணக்கு வேலை என்று அம்மாவும் நாங்களும் நம்பினோம். சேமிப்பிலிருந்து மாதாமாதம் எடுத்துக் கொடுத்ததைச் சம்பளம் என்று எண்ணினோம்.

நுரையீரல் நோயால் மதுரை மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், அப்பச்சியிடம் அவர்களுடைய கேள்வியையே கேட்டேன். அதற்கும் இதற்கும் நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று. சிரிக்க முயன்றார்கள்; இருமல் வந்தது.

"ஒனக்கும் அந்தச் சீக்கு தொத்திருச்சா? கல்லல்ல உரக்கடையில இருந்தேன். மொதல் ஆறு மாசம் ஒண்ணுமே செய்யல. அப்பறம்..."

அப்போது செவிலியர் வந்தார். மூச்சுக் குழாய் மாட்டினார்கள். அந்த 'அப்பறம்' அதன்பின் தொடரவே இல்லை. ஒருவரிடமும் பாதியில் விடாத அப்பச்சி என்னிடம் பாதியில் விட்டுச் சென்றது இன்றும் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

எனவே கல்லலுக்குச் சென்றேன். ரயில் நிலையத்தின் அருகே அந்த உரக்கடை இருக்கிறது. கடைக்காரர் அப்பச்சியின் முகச்சாயலைக் கொண்டு என்னை அடையாளம் கண்டு, மூட்டைமேல் சாக்கை விரித்து அமரச் சொன்னார். அப்பச்சி இங்கே என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"வேலையா? அண்ணே பேப்பர் படிக்க வந்தாக தாயி. வீட்டுல படிச்சா எல்லாரும் மொகத்தப் பாக்குறாகளாம். இந்தா, இங்குட்டுத்தான் ஒக்காந்திருப்பாக. மொத ஆறு மாசம் வாயே தெறக்கல. உரம் வாங்க வந்தவுக எல்லாம் ஊமைச் செட்டியாருன்னே பேரு வச்சுட்டாக."

பிறகு ஒருநாள், விதை வாங்க வந்த விவசாயி ஒருவர், பேப்பரில் படம் போட்டிருந்த பொருளாதார அறிஞரைக் காட்டி, என் மகள் இப்படி ஆக எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டாராம். அப்பச்சி வாய் திறந்தார்களாம். அன்று மாலை வண்டியைத் தவறவிடும்வரை பேசினார்களாம். அந்த அறிஞர் எங்கே தேறினார் என்பதை அல்ல, எங்கே நின்றுபோனார் என்பதை. அதன்பின் உரம் வாங்குபவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலோடு வந்தார்கள். எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி, தவறினால் அடுத்து என்ன என்று தாளின் பின்பக்கத்தில் அப்பச்சி எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஒரு கூலியும் தரவில்லை, அப்பச்சியும் கேட்கவில்லை.

இவை அனைத்தையும் எழுதி எடுத்துச் சென்றேன். பெரியப்பச்சி இருமுறை படித்தார்கள். கடைசியில், "நல்லாத்தான் இருக்கு. உரக்கடையில ஆலோசகரா இருந்தாகன்னு மாத்திரு" என்றார்கள். நான் மாற்றவில்லை. இத்தனை பேருடைய வாழ்க்கையில் விட்டுப்போன இடங்களைத் தேடி எழுதிய ஒருவருக்கு, அவருடைய இடத்தை அடைத்து ஒரு மலர் போடுவதற்கு என் கை வரவில்லை. என் பொருட்டு அதை மறைக்க வேண்டும் என்றால், மறைத்துப் பெறும் வரன் எனக்கு வேண்டியதில்லை என்பதையும் அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே இரண்டாம் பக்கத்து வாழ்க்கைக் குறிப்பில், இதழுக்கும் நூலகத்துக்கும் நடுவே இவ்வரி இருக்கும்: 'கல்லல், உரக்கடை. நான்கு ஆண்டுகள். வேலை இல்லை.'

அப்பச்சிக்கு அமர இடம் தந்த கல்லல் கடைக்காரருக்கும், நான்கு முறை முகம் சுளிக்காமல் பக்கங்களைத் திருத்திய அச்சகத்தாருக்கும், இறுதி நாள்களில் உடனிருந்த மருத்துவர், செவிலியர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பதினாறு நாள் மருத்துவமனைப் படுக்கையருகே தரையில் படுத்து, தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, வாயில் கஞ்சி ஊட்டியவர்கள் பெரியப்பச்சி. காரியங்களையும் அவர்களே முன்னின்று செய்தார்கள். அந்த வரி இருக்குமாயின் தம் பெயர் இம்மலரில் எங்கும் இருக்கக் கூடாது என்று சென்ற வாரம் சொல்லி அனுப்பினார்கள். அப்பச்சி தம் பெயரை நீக்கக் கேட்டபோது இதழில் நீக்காமல் விட்டார்கள். பெரியப்பச்சி ஒருமுறைதான் கேட்டார்கள், அன்றே நீக்கிவிட்டேன். முதல் பக்கத்தில் வெளியிடுவோர் என்னும் சொல்லின் கீழே அவர்கள் பெயர் இருந்த இடத்தை வேறு எதையும் போட்டு நிரப்பவில்லை.