தங்கச்சியைச் சட்டம் கொண்டுபோனது

யுத்த வருஷங்களில் பகல் நேரத்தில் எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ரங்கூனுக்குப் போன அப்பாவிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. அம்மாவும் நானும் வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவோம். எனக்குப் பதினோரு வயது. ஆறு வயதுத் தங்கச்சிக்குக் கஞ்சியை மூடிவைத்து, தெருவைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவோம்.

ஒருநாள் அவள் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி வாசலில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கியிருக்கிறாள். போலீஸ்காரர் ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடிக்கவில்லை, முறுக்கு வாங்கிக் கொடுத்தாராம். ஆதரவற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"யாரும் இல்லய்யா. நானும் பெரியவளும் அளத்துக்குப் போயிருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். உப்புத்தண்ணீரில் வெடித்த கால்களோடு அவருக்கு நேர் எதிரே நின்றேன். என் வயதை அவர் கேட்கவில்லை. தங்கச்சியை மட்டும் சென்னையில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு எழுதினார்.

அம்மா மனு போட்டாள். வீட்டில் ஆள் இருந்தால் பிள்ளை திரும்பக் கிடைக்கும் என்று கோர்ட்டு குமாஸ்தா சொன்னதை நம்பி, வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். நான் மட்டும் உப்புச் சுமந்தேன். நான்கு மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். பானைகளைத் திறந்து பார்த்தார். தாய்க்கு வருமானம் இல்லை, பிள்ளையை வளர்க்க வழியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாளே அம்மா அளத்துக்கு வந்துவிட்டாள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு லீவுக்குத் தங்கச்சி வந்தாள். இரட்டைச் சடை, வெளுத்த தாவணி. அம்மாவை 'நீங்க' என்று கூப்பிட்டாள். அப்போது எனக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. பெட்டியிலிருந்த கோர்ட்டுக் காகிதத்தை அம்மா அவளிடம் நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தங்கச்சி சொன்னாள்:

"கவனிக்க ஆளில்லாத குழந்தைன்னு இருக்கு."

"யாருக்குளா ஆளில்ல?" என்றாள் அம்மா.

தங்கச்சி காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எட்டாம் நாள் அவளை ரயிலேற்றிவிட்டோம். அவள் அழவில்லை. அம்மாவுக்கு அதுதான் கடைசிவரை ஆறவில்லை.